ஆகாயத் தேரின் அச்சு



தேர் புறப்படுமுன் அச்சைத் தட்டிப் பார்க்கும் வழக்கத்தை நாம் அறிவோம். ஆகாயத் தேருக்கும் அது வேண்டியதே. 1952இல் கொழும்புக்கும் பறந்துவந்த கொமெற் ஜெற் விமான வகையில் இரண்டு, 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இத்தாலிக் கடலின்மேல் சிதறின. 56 பேர் மாண்டனர். ஆராய்ச்சியாளர் முழு விமானமொன்றைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளமுக்கத்தை மாறிமாறி ஏற்றி இறக்கினர். உலோகம் களைத்து, ஜன்னல் மூலையிலே கிழிந்தது!

ஒவ்வொரு பறப்பிலும் விமானக்கூடு சற்றே உப்பி ஒடுங்குகிறது. ஆகவே அதன் வயதைப் பறப்புகளாலும் எண்ணவேண்டும். 1988 ஏப்ரல் 28இல் ஹவாயில் கூரை பிய்ந்த போயிங் 737 ஏறக்குறைய 90,000 பறப்புகளைக் கண்டிருந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஏறும்போதே வாசலருகே வெடிப்பைக் கண்ட பிரயாணி ஒருவர் எவரிடமும் சொல்லவில்லையாம். அவர்மேல் பழிசுமத்த நாம் ஒருப்படோம். தேடிப் பார்ப்பது பராமரிப்போர் கடமையன்றோ? 1991இல் அமெரிக்கா முதிய விமானங்களின் பரிசோதனைக்குச் சட்டமே இயற்றிற்று.

2019இல் வேறொரு 737 வகையில், சிறகை உடலோடு பிணைக்கும் பாகத்தில் வெடிப்புகள் தென்பட்டன. 30,000 பறப்புகளைக் கடந்தவற்றை ஏழு நாளுக்குள் பார்க்குமாறு அமெரிக்க அதிகாரிகள் கட்டளையிட்டனர். வெடிப்புக் கண்டவை, திருத்தும்வரை தரையிலேயே நின்றன.