சிறு முளையும் பெரும் பொறுப்பும்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் இயந்திர உறுப்பொன்றைப் பற்றிப் பேச முற்பட்டது ஏன் எனச் சிலர் வியக்கக்கூடும். இரும்பு, மரம், செம்பு, கல், பொன் என்னும் ஐவகைப் பொருளிலும் தொழில் செய்து வாழ்ந்த மரபில் வந்தோர் நாம். இன்று நம் பிள்ளைகள் பலர் உலைக்களத்தை விட்டு, லேத், மில்லிங் முதலிய இயந்திரங்களின்முன் நிற்கின்றனர். தொழிலின் உருவம் மாறிற்று. அளவறிந்து செய்தல் என்னும் அதன் அறம் மாறவில்லை. அவ்வறத்திற்குச் சான்றாக ஸ்பிரிங் பிளஞ்சர் என்னும் சிறு உறுப்பை எடுத்துக்கொள்கின்றேன். அதனை 'வில்முளை' எனத் தமிழாக்கலாம். ஆயினும் தொழிலாளர் நாவிற் பயிலும் பெயரே எளிதில் விளங்குமாதலின், பிளஞ்சர் என்றே கூறுவேன்.

அஃதாவது யாது? புறத்தே மரையிட்ட சிறு குழல். அதனுள்ளே ஒரு சுருள்வில். வாயிலே ஓர் எஃகுக் குண்டு அல்லது முளை. அழுத்தினால் உள்ளடங்கும், விட்டால் வெளிவரும். சாக்கெட் ஸ்பானரின் சதுரத் தலையில் அச்சாக்கெட் நழுவாதபடி பிடிக்கும் சிறு குண்டை யாவரும் கண்டிருப்பீர்கள். அதுவும் இவ்வினத்ததே.

பட்டறையில் இதற்கு மூவகைப் பணி உண்டு. துளையிடவேண்டிய துண்டை ஜிக்கில் வைக்கும்பொழுது, அடியில் மூன்று, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று ஆக ஆறு தாங்குபுள்ளிகளின்மேல் அஃது படிதல் வேண்டும். எதிர்ப்பக்கத்தினின்று மெல்லத் தள்ளி அதனைப் புள்ளிகளோடு பொருத்துவது பிளஞ்சரின் முதற்பணி. சுழலும் தட்டை உரிய பள்ளந்தோறும் நிறுத்திக் காட்டுவது இரண்டாவது. எண்ணெய்ப் பசையால் தட்டில் ஒட்டிக்கொண்ட துண்டை எழுப்பிவிடுவது மூன்றாவது.

இவற்றுள் எதுவும் இறுகப் பிடிக்கும் பணியன்று என்பதை நினைவிற் கொள்க. பிளஞ்சர் இடம் காட்டும், பிணிக்காது. வெட்டும் கருவியின் விசையைத் தாங்கவேண்டியவை திருகாணியும் கிளாம்புமே. ஒரு பட்டறையில் நேரம் மிச்சமாகும் என்று கருதிக் கிளாம்பை நீக்கி, இரு பிளஞ்சர்களை மட்டும் நம்பி மில்லிங் செய்தனர். துண்டு பெயர்ந்து பறந்தது. என் பழைய மாணாக்கர் ஒருவரின் புறங்கை கிழிந்தது. சில நொடிகளை மிச்சப்படுத்தியதற்குக் கொடுத்த விலை எத்துணைப் பெரிது!

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுவேன். பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும் பொருளுக்குக் குண்டு ஏற்றது. ஆயினும் அதன் பெயர்ச்சி சிறிது. கூடுதலான பெயர்ச்சி வேண்டுமிடத்து முளை ஏற்றது. எனினும் அதனைப் பக்கத்தினின்று இடித்தால் வளையும். ஆகையால் துண்டின் விளிம்பைச் சற்றே சரித்துச் சீவிவிடல் நன்று. மெருகிட்ட அலுமினியத்தில் எஃகு முனை வடு உண்டாக்கும். அங்கே பிளாஸ்டிக் முனை வேண்டும். நீரும் துருவும் சேருமிடத்தில் துருப்பிடியா எஃகு வேண்டும்.

அடுத்தது விசை. சுருள்வில்லின் விசை அதன் ஒடுக்கத்திற்கு ஏற்ப வளரும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678இல் விளக்கி நூல் வெளியிட்டார். ஒரு பிளஞ்சரின் தொடக்க விசை 10 நியூட்டன், இறுதி விசை 20 நியூட்டன், பெயர்ச்சி 2 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 1 மில்லிமீட்டர் அழுத்தின் அது தருவது 15 நியூட்டன். இது சுமார் ஒன்றரைக் கிலோ எடைக்கு ஒப்பாகும்.

தட்டின் பள்ளமும் கணக்கிற்கு உரியது. 90 பாகைக் கூம்புப் பள்ளத்தில் அமர்ந்த குண்டை வெளியேற்ற, உராய்வை ஒதுக்கிப் பார்த்தால், சுருள்வில்லின் விசைக்கு ஒப்பான பக்கவிசை வேண்டும். பள்ளம் 120 பாகையாக விரிந்தால் அதிற் பாதிக்குச் சற்று மேற்பட்டதே போதும். கையால் திருப்பவேண்டிய தட்டிற்கு இவ்விளக்கம் நன்மை. தானே திரும்பிவிட்டால் தீங்கு நேரும் இடத்திற்கு இதுவே கேடு. அங்கே குமிழைக் கையால் இழுத்தாலன்றித் துளையை விட்டு வாராத இன்டெக்ஸ் பிளஞ்சரையே அமைத்தல் வேண்டும்.

"எங்கள் கண்ணளவும் கையளவும் போதாவோ?" என்று முதியோர் வினவலாம். உளி முனையைக் கண் காணும். உலையின் நிறத்தையும் கண் காணும். குழலினுள் மறைந்த வில்லின் வலியைக் கண் காணாது. புறத்தே ஒரே மரையும் ஒரே நீளமும் உடைய இரண்டனுள் ஒன்று மென்மையும் மற்றொன்று வன்மையும் உடையதாக இருத்தல் கூடும். ஆகவே விலைப்பட்டியலில் விசையைப் படித்தறிக. பட்டியல் இல்லையேல், மேடைத் தராசின்மேல் முனையை நேராக அழுத்தி எடையைக் காண்க. கிலோ எண்ணை 9.8ஆல் பெருக்கினால் நியூட்டன் கிடைக்கும்.

பொருத்துங்கால், பெயர்ச்சியின் பாதியளவில் முனை வேலை செய்யுமாறு திருகி நிறுத்துக. முற்றும் ஒடுங்கிய சுருள்வில் வில்லன்று. வெறும் இரும்புக் கட்டி. அதிர்ச்சியால் மரை தளராதிருக்க நைலான் பதித்த பிளஞ்சரோ, பூட்டு நட்டோ வேண்டும். வெப்பம் மிக்க இடத்தில் நைலான் தன் பிடியை இழக்குமாதலின் நட்டே தக்கது. உலோகச் சீவல் முனையில் அடைந்தால் முளை உள்ளேயே சிக்கி நிற்கும். அதனால் துண்டு தாங்குபுள்ளியைத் தொடாமலே இருக்க, துளை இடம் தவறும். நாள்தோறும் துடைத்து, விரலால் அழுத்திப் பார்த்தல் கடமை.

அன்பர்களே! ஒரு சிறு முளைக்கே இத்துணை அறிவு வேண்டுமாயின், இயந்திரம் முழுமைக்கும் எத்துணை வேண்டும்! நம் பிள்ளைகள் 'அண்ணன் காட்டியபடி செய்தேன்' என்ற அளவில் நின்றுவிடலாகாது. 'இவ்விசைக்காக இதனைத் தேர்ந்தேன்' என்று காரணம் கூறவும் வேண்டும். காரணம் அறிந்தவனே மேஸ்திரியாகவும் பட்டறை உடையவனாகவும் உயர்வான். அவன் கையும் ஊறின்றி இருக்கும். நமது சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூல்களும் உதவித்தொகையும் வழங்குவது போலவே, திங்கள்தோறும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, பட்டறையில் பழகிய மூத்தோரைக் கொண்டு இளையோர்க்கு அளவுக்கருவியும் தொழிற் கணக்கும் கற்பிக்க வேண்டுமென இப்பேரவையை வேண்டிக்கொள்கின்றேன்.