வீட்டுக் கணினி நின்றுபோனால்



தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் முன்னாட்களில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஊரிலிருந்து வந்த கடிதங்கள், நிலப் பத்திரத்தின் நகல், ஜாதகக் குறிப்புகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், மங்கிய புகைப்படங்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கிக் கிடக்கும். இந்நாளில் அந்தப் பெட்டியின் இடத்தை வீட்டுக் கணினி பிடித்துக்கொண்டது. தகரப் பெட்டியின் பூட்டை மாற்ற நேர்ந்தால் உள்ளிருக்கும் பொருளுக்கு ஆபத்தில்லை. கணினியின் விஷயம் அவ்வாறன்று. மைசூரில் வசிக்கும் எங்கள் குடும்பம் இதனை 2025-ஆம் ஆண்டு தசரா முடிந்த இரண்டு வாரங்களில் நன்றாகவே கற்றுக்கொண்டது.

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஒன்றிணைத்து ஆளுகை புரியும் அடிப்படை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். பெரும்பாலான வீடுகளில் அது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸாக இருக்கிறது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்டுவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுற்றன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. நிலையாக இருக்க விரும்பினால் விண்டோஸ் 11-க்கு மாறவேண்டும். அதற்கு 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். சில்லு இல்லாத கணினியில் வற்புறுத்தி ஏற்றுவோரும் உளர். நாம் அதனைப் பரிந்துரைப்பதற்கில்லை.

எங்கள் கணினிக்கு இத்தகுதிகள் யாவும் இருந்தன. எங்களுக்குத்தான் பொறுமை இல்லாமற்போயிற்று.

மாலை ஆறு மணிக்கு மேம்படுத்தும் பணியைத் தொடங்கினோம். கணினி இருமுறை தானே அணைந்து எழுந்தது. பிறகு திரை கறுத்து, சிறு புள்ளிகள் மட்டும் வட்டமிட்டுச் சுழன்றன. ஒரு மணி நேரம் கடந்தது. கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டோம். எங்கள் பிழையெல்லாம் அந்த ஒரு கணத்தில் அடங்கியது.

உள்ளே அப்பொழுது நடந்துகொண்டிருந்தது என்ன என்பதைப் பின்னரே அறிந்தோம். மேம்படுத்தும் நிரல், பழைய இயங்குதளத்தை உடனே அழித்துவிடுவதில்லை. அதனை ஒரு தனி அறையில் ஒதுக்கி வைத்துவிட்டுப் புதியதை நிலைநாட்ட முயல்கிறது. இடையில் தடை நேர்ந்தால் பழையதை மீண்டும் அதன் இடத்தில் அமர்த்திவிடுகிறது. புதிய வீட்டில் தண்ணீர் வரவில்லையென்று பழைய வீட்டுக்கே சாமான்களைத் திருப்பி ஏற்றும் குடித்தனக்காரரைப் போல என்று கொள்ளலாம். பாதிச் சாமான் வண்டியிலும் பாதி தெருவிலும் இருக்கும்பொழுது நாங்கள் வண்டியைக் குடைசாய்த்துவிட்டோம். பழைய சுழல்தட்டு வட்டுள்ள கணினிகளில் இப்பணி பல மணி நேரம் பிடிக்கலாம். வட்டின் சிறுவிளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை, இரவு முழுவதும் ஆயினும், அதனை அதன் போக்கில் விடுவதே அறிவுடைமை.

தொடர்ந்து சிலமுறை துவக்கம் தவறினால் விண்டோஸ் தானாகவே ஒரு மீட்புத் திரையைக் காட்டும். எங்களுக்கும் காட்டியது. ஆனால் அடுத்த அடி வைக்குமுன் 48 இலக்கங்கள் கொண்ட ஒரு திறவெண்ணைக் கேட்டது. புதிய கணினிகள் பலவற்றில் வட்டிலுள்ள எழுத்துக்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அந்த எண்ணின்றி எவரும் படிக்க இயலாது. கணினியை முதன்முதலில் அமைத்தவர் யாரோ அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அவ்வெண் பொதுவாகப் பதிவாகியிருக்கும். எங்கள் வீட்டில் அமைத்தவன் புனேயில் பணிபுரியும் மகன். இரவு பத்தரை மணிக்கு அவனை எழுப்பி, தொலைபேசியில் இலக்கம் இலக்கமாகக் கேட்டு, நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டோம். அவன் கணக்கு மாறியிருந்தாலோ, கடவுச்சொல் மறந்திருந்தாலோ எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இது எளியோர் வீட்டில் மட்டும் நேர்வதன்று. 2024 ஜூலை 19-ஆம் தேதி க்ரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு திருத்தத்தால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஏககாலத்தில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன. அது இயங்குதள மாற்றமன்று. எனினும் பரிகாரம் ஒன்றே. ஆள் ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து, பாதுகாப்பு நிலையில் அதனை எழுப்பி, கெட்ட கோப்பை நீக்கவேண்டியிருந்தது. அங்கும் பல இடங்களில் அந்த 48 இலக்கங்களைத் தேடி அலைந்தார்கள்.

மறுநாள் காலை தேவராஜ அரசு சாலையை ஒட்டிய சந்திலுள்ள சிறு பழுதுபார்ப்புக் கடைக்குக் கணினியைக் கொண்டுசென்றோம். "உடனே புதிதாகப் போட்டுவிடுங்கள் தம்பி" என்றோம். அந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்து, "அவசர பேட, சார். மொதலு டேட்டா" என்றார். அவசரம் வேண்டாம், முதலில் உள்ளிருப்பவற்றை எடுத்துக்கொள்வோம் என்பது பொருள். வட்டைக் கழற்றி ஓர் உறையிலிட்டு வேறொரு கணினியோடு இணைத்தார், திறவெண்ணைக் கொடுத்தார், ஆவணங்களை மட்டுமன்றி வட்டு முழுவதையும் வெளிவட்டொன்றில் படியெடுத்தார். முழு வட்டும் எதற்கு என்று நாங்கள் வாதாடினோம். அவர் பதில் சொல்லாமல் தம் வேலையைப் பார்த்தார். அதற்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் சிறிதன்று.

படி கைக்கு வந்தபின்பு வைத்தியம் தொடங்கலாம். மேம்படுத்தல் தவறும்பொழுது திரையில் ஓர் எண் தோன்றும். அச்சத்தில் அதனை மூடிவிடாமல் குறித்துக்கொள்ளவேண்டும். 80070070 என்று முடிந்தால் வட்டில் இடம் போதவில்லை என்று பொருள். தேவையற்ற படங்களை அகற்றினாலே நோய் தீர்ந்துவிடும். 'சி' என்ற எழுத்தைத் தொடர்ந்து 1900101 என்று வந்தால், பெரும்பாலும் ஏதேனும் ஒரு கருவியின் இயக்கி நிரல் ஒத்துழைக்கவில்லை என்று கொள்ளலாம். அச்சுப்பொறி, வெளிவட்டு முதலியவற்றைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு நிரல் இருப்பின் நீக்கி, மறுபடியும் முயல வேண்டும். கணினி எழவேயில்லையெனில் மீட்புத் திரையிலுள்ள துவக்கப் பழுதுநீக்கத்தை முதலில் கையாளலாம். அதுவும் பயன்படாவிடில் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், வேறொரு கணினியின் உதவியால், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து நிறுவுநிரலைப் பெற்றுக்கொள்ளலாம். அதற்குக் கட்டணமில்லை. "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் வரும் தொலைபேசி எண்களை அழைத்துப் பணம் இழந்தோர் பலர். அவற்றை நம்பலாகாது.

எங்கள் கணினியில் திரும்பிச் செல்லும் பாதையை நாங்களே வெட்டிவிட்டமையால், புதிதாக நிறுவுவதன்றி வேறு வழியிருக்கவில்லை. மாலைக்குள் அது முடிந்தது. கணினியும் முன்னிலும் விரைவாக ஓடியது. மகிழ்ச்சியோடு வீடு வந்து, எங்கள் தகப்பனாரின் கோப்பைத் திறந்தோம்.

அதைப்பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். அவர் தஞ்சை மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து மைசூர் ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்தவர். ஓய்வுபெற்ற பல ஆண்டுகளுக்குப் பின், 2002-இல், தமிழ்த் தட்டச்சுப் பழகித் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். அவர் இப்பொழுது இல்லை. அச்சிட்ட படியும் இல்லை. திறந்த கோப்பில் ஒரு தமிழெழுத்தும் காணோம். தலையில் புள்ளியும் கோடும் ஏந்திய ஐரோப்பிய எழுத்துக்கள் பக்கம் பக்கமாக நின்றன. வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கோப்பு கெட்டிருக்கவில்லை. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றது எனினும், வீடுகளில் அது வேரூன்றப் பல்லாண்டுகள் ஆயின. அதுவரை ஆளுக்கொரு குறிமுறை. ஆங்கில எழுத்தட்டவணையின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பதித்த எழுத்துருக்களைக் கொண்டே எழுதினார்கள். டிஸ்கி, டாப், பாமினி என்று அவற்றுக்குப் பெயர்கள் பல. அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை தமிழாகத் தெரியும். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் எழுத்துரு போய்விடும். எழுத்தும் போய்விட்டது போலத் தோன்றும். எத்தனை குடும்பங்களில் இவ்வாறு நல்ல கோப்புகளைக் கெட்டுப்போனவை என்று எறிந்தார்களோ தெரியவில்லை.

1905-ஆம் ஆண்டில் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் ஓரியண்டல் நூலகத்தில் ஓர் ஓலைச்சுவடியைச் சேர்ப்பித்தார். அது கிரந்த எழுத்தில் இருந்தது. அங்கு நூலகராயிருந்த சாமசாஸ்திரி அவ்வெழுத்தைப் படிக்க வல்லவர். ஆகவே அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்பது தெரியவந்து, 1909-இல் நூலாக வெளிவந்தது. எங்கள் தகப்பனாரின் கோப்பை அதனோடு ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆயினும் தஞ்சையிலிருந்து மைசூருக்கு வந்த எழுத்து என்ற அளவில் அந்நினைவு அன்றிரவு எங்களுக்கு வந்தது.

கடை இளைஞர் முழு வட்டையும் படியெடுத்தது அப்பொழுதுதான் உதவிற்று. பழைய விண்டோஸ் அறையினுள் எழுத்துருக்களுக்கென்று உள்ள அறையில் அந்த எழுத்துரு பத்திரமாக இருந்தது. அதனைப் புதிய கணினியில் நிறுவியதும் முதற்பக்கம் தமிழாக மலர்ந்தது. படியெடுக்காத நேயர்களும், வட்டை அழிக்காமல் புதிதாக நிறுவியிருந்தால், 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்னும் அறையில் தேடலாம். பொதுவாகப் பத்து நாட்களில் அது தானாக அழிந்துவிடும் என்பதால் தாமதம் கூடாது. இதைவிட மேலானது, கணினி நலமாக உள்ளபோதே பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாற்றத்தில் சில கொம்புகளும் கால்களும் இடம்பெயர்ந்துவிட்டன. ஆதலால் இரவுதோறும் உணவுக்குப் பின் ஒருவர் வாசிக்க மற்றவர் திருத்துகிறோம். திருத்திய பக்கங்களின் ஒரு படி புனேக்கும் செல்கிறது. அந்த 48 இலக்கங்கள் எழுதிய தாள் இப்பொழுது பழைய தகரப் பெட்டியில் இருக்கிறது. ஐம்பத்தேழாம் பக்கம் வரை வந்துள்ளோம். தகப்பனார் அங்கே கையில் ஒரு பெட்டியோடு, அசோகபுரத்தில் இன்னும் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறார்.