எரிபொருளை மாற்றினால் போதுமா?

(புனே நகரில் தமிழ் உழைப்பாளர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கட்கியிலிருந்தும் தேகு ரோட்டிலிருந்தும் பிம்பிரி, போசரி, சாக்கன் பகுதிகளிலிருந்தும் வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். என்னிடம் இரண்டு கேள்விகள் தரப்பட்டன. ஏறிக்கொண்டே போகும் எரிபொருள் விலையை எப்படிச் சமாளிப்பது என்பது முதல் கேள்வி. பெட்ரோலை விட்டுவிட்டு வேறு எதற்கு மாறுவது என்பது இரண்டாவது. இரண்டுமே சமையலறைக் கணக்கோடு தொடர்புடையவை. ஆகவே கணக்கோடுதான் பேச வேண்டும்.

ஒரு காலத்தில் புனேக்கு 'சைக்கிள்களின் நகரம்' என்று பெயர். ஆலைக்குச் சென்றவரும் கல்லூரிக்குச் சென்றவரும் மிதித்தே சென்றார்கள். பின்னர் ஆக்குர்டியில் உருவான ஸ்கூட்டர்கள் இந்நகரின் வீதிகளை நிறைத்தன. ஆலைகள் நகரத்தை விட்டு முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளிப்போயின. வீட்டு வாடகை தொழிலாளியை எதிர்த்திசையில் தள்ளியது. இந்த இரண்டுக்கும் நடுவே விரிந்த தூரத்தைக் கடப்பதற்குப் போதிய பேருந்து இல்லை. ஆகவே இருசக்கர வாகனம் இங்கு எவருடைய ஆடம்பரமும் அல்ல. கூலியிலிருந்து பிடித்தம் செய்யப்படும் ஒரு கட்டாயச் செலவு அது.

விலை எங்கே ஏறுகிறது?

2014 மே மாதத்தில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் விலை பீப்பாய்க்கு 106 டாலர் அளவில் இருந்தது. அன்று தில்லியில் பெட்ரோல் லிட்டருக்கு 71 ரூபாய். 2025 மே மாதத்தில் கச்சா எண்ணெய் 64 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. தில்லியில் பெட்ரோலோ ஏறத்தாழ 95 ரூபாய். ரூபாயின் மதிப்புச் சரிந்ததே காரணம் என்பார்கள். அதையும் சேர்த்தே பார்ப்போம். அன்று ஒரு பீப்பாய்க்கு சுமார் 6,300 ரூபாய் கொடுத்தோம். 2025இல் சுமார் 5,500 ரூபாய். ரூபாய்க் கணக்கிலும் மூலப்பொருள் மலிந்திருக்க, நம் கைக்கு வரும் பொருள் மட்டும் விலை ஏறியிருந்தது. புனேயில் 2021 ஜூனில் நூறு ரூபாயைக் கடந்த பெட்ரோல், கச்சா எண்ணெய் இத்தனை இறங்கியபோதும் நூறுக்குக் கீழே வரவில்லை.

நடுவில் நின்றது வரி. 2014 ஏப்ரலில் பெட்ரோல் மீதான ஒன்றிய அரசின் கலால் வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு. டீசல் மீது 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதத்தில், கொரோனா முடக்கத்தில் மக்கள் வேலையிழந்து வீடுகளுக்குள் கிடந்தபோது, உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் அடிமட்டத்தில் கிடந்தபோது, இந்த வரி முறையே 32 ரூபாய் 98 காசாகவும் 31 ரூபாய் 83 காசாகவும் உயர்த்தப்பட்டது. பின்னர் இருமுறை குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் மீண்டும் இரண்டு ரூபாய் கூட்டினார்கள். பெட்ரோல் வரி 21 ரூபாய் 90 காசு ஆயிற்று.

இதற்குள் இன்னொரு சூழ்ச்சியும் இருந்தது. அந்த 21 ரூபாய் 90 காசில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. அதில் 41 சதவீதம், அதாவது 57 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது. மீதமெல்லாம் செஸ் என்றும் சிறப்புக் கூடுதல் வரி என்றும் பெயர் சூட்டப்பட்டு ஒன்றிய அரசிடமே தங்கிவிட்டது. மாநில அரசும் குற்றமற்றது அன்று. மகாராஷ்டிர அரசு 2022 ஜூலையில் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்கு மூன்று ரூபாயும் குறைத்த பின்னரும் இங்கு மதிப்புக்கூட்டு வரி கனமாகவே இருக்கிறது.

மொழிபெயர்ப்பு எனது கட்சிப்பணி. 2010 ஜூனில் பெட்ரோலுக்கும் 2014 அக்டோபரில் டீசலுக்கும் அறிவிக்கப்பட்ட கொள்கைக்குத் தமிழில் 'விலைக் கட்டுப்பாடு நீக்கம்' என்று எழுதி வருகிறோம். சொல் சரிதான். ஆனால் கச்சா விலை ஏறும்போது நுகர்வோர் மீது இறங்கும் சந்தை, கச்சா விலை இறங்கும்போது எங்கோ ஒளிந்துகொள்கிறது. 2017 ஜூன் முதல் நாள்தோறும் மாறும் என்று சொல்லப்பட்ட விலை, தேர்தல் காலங்களில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. நீங்கியது மக்களுக்கு அரணாக இருந்த கட்டுப்பாடு மட்டுமே. விலையின் மீது ஆட்சியாளர்களின் பிடி நீங்கவில்லை.

சிஎன்ஜி கற்பித்த பாடம்

மாற்று எரிபொருள் என்றதும் புனே மக்கள் முதலில் நாடியது சிஎன்ஜியைத்தான். கெயில், பாரத் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் இணைந்து 2006இல் தொடங்கிய மகாராஷ்டிரா நேச்சுரல் கேஸ் நிறுவனம் இங்கு வாயு வழங்குகிறது. மலிவு, தூய்மை என்ற நம்பிக்கையில் ஆட்டோ ஓட்டுநர்கள் கடன் வாங்கி மாறினார்கள்.

2022 ஏப்ரல் 1ஆம் நாள் மாநில அரசு சிஎன்ஜி மீதான வரியை 13.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. புனேயில் கிலோ 68 ரூபாய் 50 காசிலிருந்து 62 ரூபாய் 20 காசாக இறங்கியது. அதே நாளில் ஒன்றிய அரசு உள்நாட்டு இயற்கை எரிவாயுவின் விலையை ஓர் அலகுக்கு 2.90 டாலரிலிருந்து 6.10 டாலராக உயர்த்தியது. அம்மாத இறுதிக்குள் சிஎன்ஜி 77 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் 91 ரூபாய். நாளொன்றுக்கு நான்கு கிலோ நிரப்பும் ஓட்டுநருக்கு இந்த நான்கு மாத உயர்வின் பொருள் என்ன? நாளுக்கு 115 ரூபாய். இருபத்தைந்து நாள் ஓட்டினால் 2,880 ரூபாய். செப்டம்பரில் ஆட்டோ கட்டணம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 25 ரூபாயாக உயர்ந்தபோது அந்தச் சுமை பயணியின் தலைக்கும் மாறியது. ஓட்டுநரும் பயணியும் ஒருவரையொருவர் கடிந்துகொண்டார்கள். விலையை ஏற்றியவர் அந்தச் சண்டையில் தென்படவே இல்லை.

மும்பை ஹை கடற்படுகையிலிருந்து நமது பொதுத்துறை எடுக்கும் வாயு ஏன் உக்ரைன் போரால் விலை ஏற வேண்டும்? 2014இல் வகுக்கப்பட்ட சூத்திரம் உள்நாட்டு வாயுவின் விலையை அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ரஷ்யா ஆகிய நாடுகளின் சந்தை விலையோடு முடிச்சுப்போட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, வாயு விலையை இரட்டிப்பாக்கும் முடிவை எதிர்த்து நாடாளுமன்ற உறுப்பினர் தோழர் குருதாஸ் தாஸ்குப்தா உச்சநீதிமன்றத்தை நாடினார். அன்று அது கார்ப்பரேட் நிறுவனம் ஒன்றின் லாபம் பற்றிய வழக்காகத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அது புனே ஆட்டோ ஓட்டுநரின் வழக்கு. கடும் எதிர்ப்புக்குப் பின் 2023 ஏப்ரலில் சூத்திரத்தை மாற்றி 6.50 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். சிஎன்ஜி விலை சற்றுத் தணிந்தது. அரசு நினைத்தால் விலைக்கு வரம்பு கட்ட முடியும் என்பதற்கு அதுவே சான்று.

2024 ஜூலையில் உலகின் முதல் சிஎன்ஜி மோட்டார் சைக்கிள் இந்தப் புனேயில்தான் அறிமுகமானது. பொறியியல் சாதனைதான்; அதை உருவாக்கிய தொழிலாளரையும் பொறியாளரையும் பாராட்டுவோம். ஆனால் வண்டியின் விலையைத் தவணையில் கட்டப்போகும் தோழர், நாளைய வாயு விலையை எவர் முடிவு செய்வார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எத்தனால்: எவருடைய வியர்வை?

இப்போது நீங்கள் நிரப்பும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2030க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025க்கே முன்னிழுத்தார்கள். எத்தனாலின் எரியாற்றல் பெட்ரோலைப்போல் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய நான்குசக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீதமும் இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது. ஆகவே கலப்பு எரிபொருளின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை பரிந்துரைத்தது. இலக்கை முன்னிழுத்த அரசு, விலைக் குறைப்பை மட்டும் மறந்துவிட்டது. கலப்பில்லாத அல்லது குறைந்த கலப்புள்ள பெட்ரோலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் சாமானியருக்கு விடப்படவில்லை.

மகாராஷ்டிரத்தில் எத்தனால் என்றால் கரும்பு. ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும் அந்த அறிக்கையின் கணக்கே. மராத்வாடாவில் குடிநீர் லாரியில் வரும் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் மேற்கு மகாராஷ்டிரத்துக்குக் கரும்பு வெட்டப் புலம்பெயர்கிறார்கள். மராத்தியில் 'கோய்தா' என்றால் அரிவாள். கரும்பு ஒப்பந்தக்காரரின் கணக்கேட்டிலோ கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கோய்தா'. இரண்டு மனிதர்களை ஒரு கருவியின் பெயரால் எண்ணுகிற அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்த்தாலும் நெஞ்சு உறுத்துகிறது. மாதவிடாய் நாட்களில் வேலை தவறினால் கூலி பிடிக்கப்படும் என்பதற்காக அங்குள்ள பெண்கள் பெருமளவில் கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் நாட்டையே அதிரவைத்தது. பசுமை எரிபொருள் என்று விளம்பரப்படுத்தப்படும் சொட்டில் இவர்களுடைய கணக்கு சேர்க்கப்படுவதில்லை.

கரும்பு குறைந்தபோது அரிசிக்குப் போனார்கள். 2023இல் கர்நாடக அரசு ஏழைகளுக்குக் கூடுதல் அரிசி வழங்க, கிலோவுக்கு 34 ரூபாய் தரத் தயாராக இருந்தும் இந்திய உணவுக் கழகத்தின் கதவு மூடப்பட்டது. 2025இல் எத்தனால் ஆலைகளுக்கு அதே கழகத்தின் அரிசி கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு வழங்கப்பட்டது. வயிற்றுக்கு இல்லாத அரிசி வண்டிக்கு உண்டு என்பது எந்த ஊர் நியாயம்?

மின்சாரமும் ஹைட்ரஜனும்

மின்சார வாகனத்தை நாம் எதிர்க்கவில்லை. நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு, வீட்டிலேயே மின்னேற்றம் செய்ய வசதி இருந்தால், ஓட்டச் செலவு கணிசமாகக் குறையும். குடிசைப்பகுதியில் நான்காவது சந்தில் வாடகைக்கு இருப்பவர் எங்கே செருகுவார்? மின்கலம் தேய்ந்தபின் மாற்றும் செலவை எவர் ஏற்பார்? நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்து வருகிறது. மின் வினியோகத்தைத் தனியாருக்குத் தரத் துடிக்கிறார்கள். அது நடந்தால் சிஎன்ஜியில் கண்டதையே மின்கட்டணத்தில் காண்போம்.

புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் உள்ளிட்ட பொதுத்துறை அறிவியல் அமைப்பின் பங்கேற்போடு உருவான ஹைட்ரஜன் மின்கலப் பேருந்து 2022 ஆகஸ்டில் இங்கு அறிமுகமானது. மக்கள் பணத்தில் விளைந்த அறிவு மக்கள் பேருந்துக்கே முதலில் பயன்பட வேண்டும் என்பது நமது நிலை.

அதிசயங்களை நம்பி ஏமாந்த அனுபவம் தமிழர்களுக்கு உண்டு. 1996இல் ராமர் பிள்ளையின் 'மூலிகைப் பெட்ரோல்' நாட்டையே மயக்கியது. இருபது ஆண்டுகள் கழித்து மோசடி வழக்கில் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவ்வளவு பேர் நம்பியதற்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று. விலையின் பிடியிலிருந்து தனியாகத் தப்பிக்க ஒரு வழி கிடைக்காதா என்ற ஏக்கமும்தான். அந்த ஏக்கம் நியாயமானது. தனி வழி மட்டும் இல்லை.

சேம அச்சு

சங்க இலக்கியத்தில் வரும் உமணர்கள் உப்பு வண்டியோடு நெடுவழி செல்லும்போது, மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியலாம் என்று அறிந்து, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். நகரத்துக்குச் சேம அச்சு பேருந்து. எந்த எரிபொருள் விலை ஏறினாலும், நாற்பது பேர் பகிர்ந்துகொள்ளும் பேருந்தில் தனிமனிதன் மீது விழும் சுமை சிறியதாகவே இருக்கும்.

புனேயின் சேம அச்சு எப்படி இருக்கிறது? லட்சம் பேருக்கு அறுபது பேருந்து என்பது ஒன்றிய நகர்ப்புற அமைச்சகத்தின் சிறந்த சேவைக்கான அளவுகோல். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி புனே, பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சிகளில் மட்டும் சுமார் 48 லட்சம் பேர். அந்தப் பழைய கணக்குக்கே ஏறத்தாழ 2,900 பேருந்துகள் வேண்டும். மக்கள் தொகை பெருகி, சேவை சுற்றுவட்டாரக் கிராமங்கள் வரை நீண்ட பிறகும் பிஎம்பிஎம்எல் பேருந்துகளின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைச் சுற்றியே நிற்கிறது. 2019 முதல் வந்த மின்சாரப் பேருந்துகளும் கழகத்தின் சொத்து அல்ல. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாருக்குப் பணம் கட்டும் ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. 2023 மார்ச்சில் பாக்கி வரவில்லை என்று ஒப்பந்த நிறுவனங்கள் பேருந்துகளை நிறுத்தியபோது, தெருவில் நின்றவர்கள் பயணிகள்தான். 2025 ஜூன் முதல் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாய். நாள் பாஸ் 40லிருந்து 70. மாதப் பாஸ் 900லிருந்து 1,500. பெட்ரோல் விலைக்கு அஞ்சிப் பேருந்துக்கு வர நினைத்தவரை மீண்டும் ஸ்கூட்டருக்கே விரட்டும் கொள்கை இது.

தமிழ்நாட்டில் 1970களில் பேருந்துகள் அரசுடைமையானதன் பயனை நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணின் மாதக் கூலியில் அது சேர்த்த தொகையை எந்த மாற்று எரிபொருளும் சேர்த்துத் தந்ததில்லை. அதே தமிழ்நாட்டிலும் 2025இல் சென்னையில் மின்சாரப் பேருந்துகள் ஒப்பந்த முறையில் இறக்கப்பட்டிருப்பதைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. போராட்டம் இரு ஊர்களுக்கும் பொதுவானது.

நாம் கேட்பது

பெட்ரோல், டீசல் மீதான செஸ்களையும் சிறப்புக் கூடுதல் வரியையும் ஒன்றிய அரசு விலக்கிக்கொள்ள வேண்டும். எத்தனால் கலப்புப் பெட்ரோலின் விலையைக் குறைத்து, குறைந்த கலப்புள்ள பெட்ரோலும் கிடைக்கச் செய்ய வேண்டும். உள்நாட்டு வாயு ஆட்டோவுக்கும் அடுப்புக்கும் பேருந்துக்கும் உற்பத்திச் செலவை ஒட்டிய விலையில் கிடைக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுநர் மின்சார ஆட்டோவுக்கு மாற வட்டியில்லாக் கடனும் பொது மின்னேற்ற நிலையமும் வேண்டும். கரும்பு வெட்டும் தொழிலாளருக்குத் தனித்தனியே கூலியும் மருத்துவப் பாதுகாப்பும் வேண்டும். பிஎம்பிஎம்எல் தன் சொந்தப் பேருந்துகளை, நிரந்தரத் தொழிலாளரோடு, இருமடங்காக்க வேண்டும். உயர்த்திய கட்டணத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

எந்த வண்டி வாங்குவது என்பதை அவரவர் தூரத்தையும் வருமானத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்; அதில் கட்சி தலையிடாது. ஆனால் வண்டி வாங்குவதோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஆட்டோ ஓட்டுநரும் அவரோடு கட்டணத்துக்காகச் சண்டையிட்ட பயணியும், ஆலைத் தொழிலாளியும் பேருந்து நடத்துநரும், தமிழரும் மராத்தியரும் ஒரே கோரிக்கை மனுவில் கையெழுத்திட வேண்டும். அந்த மனுவைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் குடியிருப்புக்கு எடுத்துச் செல்லுங்கள், பக்கத்து வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள், அவர்களையும் அழைத்து வாருங்கள்.