செவியும் முகமும்



பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு, ஊர் என்பது பெரும்பாலும் தொலைபேசியில் வரும் குரல்தான். டில்லியிலிருந்து ஞாயிறுதோறும் சித்தூரில் உள்ள தாய்மாமனுடன் பேசுவது நமது வழக்கம். ஒருநாள் அவர், "தம்பி, வலக்காதில் வைத்தால் ஓசை கேட்கிறது, சொல் விளங்கவில்லை, இடக்காதுக்கு மாற்றிக்கொண்டேன்" என்றார். வயதின் கோளாறென்று இருவருமே அதனைத் தள்ளிவிட்டோம். பின்னர் அந்தக் காதில் ஓயாத இரைச்சலும் நடையில் தள்ளாட்டமும் தோன்றின. ஈராண்டு கழித்து எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோதுதான் செவி நரம்பிலே கட்டி இருப்பது தெரிந்தது.

இக்கட்டி புற்றுநோயன்று. உடலின் சமநிலையைக் காக்கும் நரம்பின் உறையிலிருந்து மெல்ல வளர்வது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒரு சிலருக்கே காணப்படுவது. ஆனால் அது இருக்கும் இடம் பொல்லாதது. கேள்விக்கும் சமநிலைக்கும் உரிய நரம்பும், முகத்தை அசைக்கும் நரம்பும் ஒரே குறுகிய எலும்புக் குழாய் வழியே செல்கின்றன. கட்டி பருக்கும்போது முக நரம்பு நசுங்கி, நாடாவைப் போல் மெலிந்துவிடுகிறது.

1917ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் இக்கட்டிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்நாளில் உயிர் பிழைப்பதே பெரும் பேறு. முகத்தைப் பற்றி யார் கவலையுற்றார்? 1960களில் வில்லியம் ஹவுஸ் என்பார் நுண்பெருக்கியின் துணையால் முக நரம்பைக் காக்கும் வழியைப் பெருக்கினார். சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரில், 1949ஆம் ஆண்டிலேயே டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். திருப்பதியின் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும் இத்துறை உண்டு.

மாமனுக்கு அறுவை நன்கு முடிந்தது. கண் விழித்ததும் சிரித்தார். ஆறாம் நாள் காலையில் வாய் ஒருபுறம் கோணிற்று. வலக்கண் இமை மூட மறுத்தது. வீட்டார் கலங்கினர். நாள் கழித்து வரும் இம்முகவாதம் சிலருக்கே நேர்வது. நரம்பின் வீக்கமோ, உள்ளே உறங்கும் வைரஸ் விழிப்பதோ காரணமாகலாம் என்பர். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இது தீர்ந்துவிடும். ஆயினும் அதுவரை கண்ணைக் காத்தல் வேண்டும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, இமையை மூடி ஒட்டும் நாடா ஆகியவை தவறினால் கருவிழி புண்ணாகும். செவியின் நிலை வேறு. அறுவைக்குப் பின் சற்றே கேட்ட காதுகூடச் சிலருக்கு நாளடைவில் மங்கிப் போவதுண்டு. மாமனுக்கு வலச்செவி முற்றும் அடைந்துவிட்டது.

அவ்வேளையில் திருப்பதியில் பேத்தியின் திருமணம் வந்தது. "கோணல் முகத்தோடு மணவறையில் நிற்கவா?" என்று அவர் மறுத்தார். நாமும், "ஓய்வாக இருங்கள், மாமா" என்று சொல்லிவிட்டோம். பரிவென்று எண்ணிச் சொன்னோம். உண்மையில் அவரை ஒதுக்கினோம். மணப்பெண்ணோ தானே சித்தூருக்குச் சென்று அவரை அழைத்து வந்தாள்.

ஒற்றைச் செவியினருக்குக் கூட்ட இரைச்சலில் சொல்லைப் பிரித்தறிவது அரிது. குரல் வரும் திசையும் தெரியாது. ஆகவே மண்டபத்தில் நாம் அவரது இடப்புறம் அமர்ந்து, சம்பந்திகள் பேசியதைச் செவியருகே திருப்பிச் சொன்னோம். தெலுங்கு அவருக்கு நம்மைவிட நன்கு தெரியும். மொழிபெயர்ப்பே தொழிலான நமக்கு அன்று மொழிபெயர்க்க வேண்டிய வேலை இருக்கவில்லை. அருகில் இருப்பதே வேலையாயிற்று.

நான்கு மாதங்களில் முகம் ஏறக்குறைய நேராயிற்று. செவி திரும்பவில்லை.

நேயர்களே, ஊரிலுள்ள பெரியவர் ஒருவர் தொலைபேசியை ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு மாற்றினால், ஏன் என்று கேளுங்கள். ஒருபுறச் செவி மட்டும் மங்கினால் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஒருவரது முகம் கோணியிருந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல், கேட்கும் செவியின் பக்கமாகச் சென்று அமருங்கள்.