வந்தானோ, வந்தாளோ, வந்தாரோ?



பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், தமிழக எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னதாகக் கொழிஞ்சாம்பாறை என்னும் ஊர் அமைந்திருக்கிறது. கேரளத்தின் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது அது. 1949 வரை கொச்சி அரசின் கீழும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்த இவ்வட்டாரம், 1956 நவம்பர் முதல் நாளில் கேரளத்தோடு இணைந்தது. ஆட்சி மாறி மாறி வந்தபோதிலும் அவ்வூர் மக்களுள் மிகப் பலருக்கு வீட்டுமொழி இன்றளவும் தமிழே. தென்னந்தோப்பிலும் கடைத்தெருவிலும் தமிழ் ஒலிக்கிறது. அரசு அலுவலகத்தில் மலையாளம் ஆள்கிறது. காலையில் ஒரு மொழியிலும் மாலையில் மற்றொரு மொழியிலும் பேசுவது அங்கே இயல்பு. மாநிலம் கடந்து வாழும் உங்களில் பலருடைய வாழ்வும் இத்தகையதே அன்றோ?

அவ்வூரில் இருந்துகொண்டு ஒருவர் கதை எழுத முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கதையின் தலைமை மாந்தர் ஆண் என்றும் பெண் என்றும் வரையறுத்துச் சொல்ல இயலாத ஒருவர். பெயர் மணி. தமிழிலும் சரி, மலையாளத்திலும் சரி, மணி என்பது இருபாலார்க்கும் பொதுவான பெயர். முதல் வாக்கியத்தில் மணி ஊருக்கு வருகிறார். மலையாளத்தில் எழுதினால் 'மணி வந்நு' என்று எழுதி எளிதில் மேலே செல்லலாம். அந்த வினை, வந்தவர் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. தமிழில் எழுதினாலோ முதல் வாக்கியத்திலேயே எழுதுகோல் நின்றுவிடுகிறது. மணி வந்தானா? வந்தாளா? வந்தாரா? அல்லது, சொல்லவும் நாம் கூசுகின்ற முறையில், வந்ததா?

இந்த நான்கு விகுதிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் தமிழில் ஒரு கதையைத் தொடங்குவது அரிது. ஆண், பெண் என்னும் இரு வகையுள் அடங்காத மாந்தரைப் பற்றி எழுதுவோர்க்குத் தமிழ் தருகின்ற முதற் சோதனை இது. இச்சோதனையைப் பற்றியே இன்று சிந்திப்போம்.

பிற மொழிகளின் நிலையை நீங்கள் நாள்தோறும் கேட்டு அறிவீர்கள். கல்கத்தாவில் வாழ்வோர் வங்காளியில் 'சே' என்னும் ஒரே சொல் அவனையும் அவளையும் குறிப்பதை அறிவர். அம்மொழியில் வினையும் பால் காட்டுவதில்லை. ஐதராபாத்தில் வாழ்வோர், தெலுங்கில் ஆணுக்கு ஒரு விகுதி இருக்க, ஒருமையில் பெண்ணும் அஃறிணையும் மற்றொரு விகுதியைப் பகிர்ந்துகொள்வதை அறிவர். தில்லியில் வாழ்வோரின் நிலை இன்னும் விந்தையானது. இந்தியில் 'நான் வந்தேன்' என்பதற்குக்கூட ஆண் ஒருவிதமாகவும் பெண் ஒருவிதமாகவும் சொல்லவேண்டும். தமிழில் அப்படியில்லை. 'வந்தேன்' என்பது எவர்க்கும் பொது. 'வந்தாய்' என்பதும் எவர்க்கும் பொது. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே பேசும்போதும், ஒருவரோடு நாம் நேரே பேசும்போதும் தமிழ் பால் கேட்பதில்லை. ஒருவரைப் பற்றி நாம் வேறொருவரிடம் பேசத் தொடங்கும்போதுதான் கேட்கிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

இச்சிக்கல் நமக்குப் புதிதன்று. நம் இலக்கணப் புலவர்கள் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். தொல்காப்பியர், ஆண்மை திரிந்த பெயர்களையும் தெய்வப் பெயர்களையும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து வைத்துக் கூறுகிறார். இவ்விரண்டுக்கும் தமக்கென்று தனி விகுதி இல்லை. உயர்திணைக்குரிய விகுதிகளையே பெற்று வழங்கும் என்பது அவர் கருத்து. ஆண்மை திரிந்தாரை ஆண்பாற் சொல்லால் கூறுதல் பொருந்தாது என்றும் வேறோரிடத்தில் விதிக்கிறார். 'பேடி வந்தாள்', 'பேடர் வந்தார்' என்பன உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். அக்காலத்தில் இலக்கணச் சொல்லாக இருந்த பேடி என்பதும், பின்னர் வழங்கிய அலி என்பதும் இன்று வசைச்சொற்களாகிவிட்டன. அவற்றை நாம் வழங்குவதில்லை. ஆனால் அவர்களை மக்கள் என்னும் உயர்திணையில் வைத்தே இலக்கணம் செய்தார் என்பது மறக்கத்தக்கதன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் மேலும் ஓரடி சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால்; ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்றார். இங்கே அவர் வைத்த அளவுகோல் அவாவுதல், அதாவது விருப்பம். உடலைக் கண்டு பால் சொல்லாமல் உள்ளம் அவாவுவதைக் கொண்டு பால் சொன்னார். 2014 ஏப்ரல் 15-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், தம் பால் இன்னதென்று தாமே கூறும் உரிமை ஒருவர்க்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் படித்தபோது நன்னூல் கற்ற தமிழர்க்குப் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வந்திருக்கும்.

எனினும் நம் முன்னோரைப் புகழும்போது உண்மையை மறைத்தல் ஆகாது. அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் வழங்கப்பெறுவர் என்று பவணந்தியார் ஒரு கதவையும் திறந்து வைத்தார். அக்கதவு வழியாகவே 'அது வந்தது', 'அது போயிற்று' என்னும் தெருப்பேச்சு இன்றும் நடமாடுகிறது. நூற்பாவின் முற்பாதியைக் கொள்வோம், பிற்பாதியை விடுவோம். இலக்கணத்தில் பழையன கழிதலும் புதியன புகுதலும் குற்றமில்லை என்பதும் நன்னூல் காட்டிய வழியே.

இலக்கணம் இடம் கொடுத்தது. கதை இடம் கொடுத்ததா? சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் காமன் ஆடிய பேடு என்பதும் ஒன்று. மணிமேகலையில் புகார் நகரத்தார் தெருவிலே பேடிக்கோலத்தார் ஆடும் கூத்தைக் கூடிநின்று காண்கின்றனர். பாரதத்தில் அருச்சுனன் ஓராண்டு பிருகன்னளையாக விராட நகரில் வாழ்கிறான். எங்கும் அது ஓர் ஆடலாக, ஒரு வேடமாக, காலம் முடிந்ததும் களையத்தக்க கோலமாகவே வருகிறது. அவ்வாறு பிறந்து, அவ்வாறே வாழ்ந்து, அவ்வாறே மூத்து முதிரும் ஒருவரை நடுநாயகமாக வைத்த கதைக்கு நாம் இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

கரிசல் நிலத்துக் கதைசொல்லியான கி. ராஜநாராயணன் 'கோமதி' என்னும் சிறுகதையில், பெண்டிரோடு பெண்டிராய் இருக்க விழைகின்ற ஒரு சமையற்காரரைத் தலைமை மாந்தராக்கினார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றியவரான சு. சமுத்திரம், ஆனந்த விகடனில் தொடராக எழுதி 1994-இல் நூலாக்கிய 'வாடாமல்லி' நாவலில், சுயம்பு என்னும் கல்லூரி மாணவர் மேகலையாக மாறும் நெடும் பயணத்தைச் சொன்னார். இவ்விரண்டும் பிறரைப் பற்றிப் பிறர் எழுதியவை; பரிவோடு எழுதியவை. அதன் பின்னரே அவர்கள் தாமே எழுதத் தொடங்கினர். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007-இல் வந்தது. நாமக்கல் மாவட்டத்தில் பிறந்த அ. ரேவதியின் தன்வரலாறு 2010-இல் ஆங்கிலத்திலும், அடுத்த ஆண்டில் 'வெள்ளை மொழி' என்னும் பெயரில் தமிழிலும் வெளிவந்தது. இவை புனைகதைகள் அல்ல, தன்வரலாறுகள். சற்றுமுன் நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இங்கே பயன்படுகிறது. 'நான்' என்று எழுதும்போது தமிழ்வினை பால் கேட்பதில்லை. பிறர் எந்த விகுதியால் தம்மை அழைத்தார்கள் என்பதையும், தாம் எந்த விகுதியை விரும்பினோம் என்பதையும், இரண்டுக்கும் இடையே தாம் பட்ட பாட்டையும் அவர்களே சொல்ல முடிந்தது.

புனைகதை எழுதுவோர் இதிலிருந்து கற்கவேண்டியது என்ன? ஒரு வழி, கதையைத் தன்மையிடத்தில் எழுதுவது. மணியே தம் கதையைச் சொல்லட்டும். இரண்டாவது வழி, எச்சங்களால் எழுதுவது. 'மணி வந்ததும்', 'வந்த மணி', 'மணி வருகையில்' என்றால் பால் வெளிப்படாது. ஒரு பத்தி, இரண்டு பத்தி இவ்வாறு ஓடலாம். ஒரு முழு நாவலை இவ்வாறே நடத்தினால் படிப்போர்க்குக் கதை மறந்து கழைக்கூத்துத்தான் தெரியும்.

மூன்றாவது வழி 'அவர்' என்பது. ஆங்கிலேயர் பன்மைப் பெயரை ஒருமைக்கு வழங்கலாமா என்று அண்மைக்காலம் வரை வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின், ஆண் பெண் என்ற பிரிவே நிலையாக இல்லாத மாந்தரைப் பற்றி 1969-இல் ஒரு நாவல் எழுதியபோது, அவர்கள் எல்லோரையும் 'அவன்' என்றே எழுதினார். முதலில் அதற்குக் காரணம் காட்டி வாதிட்ட அவர், பின்னர் அம்முடிவு சரியன்று என்று தாமே கருத்து மாற்றிக்கொண்டார். நமக்கோ பலர்பால் விகுதி ஒருவர்க்கு மதிப்பாக வழங்குவது நெடுநாளைய வழக்கு.

ஆயினும் 'அவர்' எல்லாப் பூட்டுக்கும் திறவுகோல் அன்று. இன்றைய பேச்சில் 'அவர் வந்தார்' என்றால் ஓர் ஆணே பலருக்கும் தோன்றுகிறார். பெண்ணை மதித்துச் சொல்லும்போது 'அவங்க வந்தாங்க' என்கிறோம். ஆகவே இருபாலார்க்கும் உண்மையில் பொதுவாக இருப்பது, நாம் கொச்சையென ஒதுக்கும் அந்த 'வந்தாங்க' என்பதே. மேலும், மணி பத்து வயதுப் பிள்ளையாக இருந்தால் 'அவர்' என்று எழுதுவது செயற்கையாக இருக்கும். கொங்குநாட்டிலும், அதனைத் தொட்டுநிற்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும், வீட்டுப் பிள்ளையைப் பற்றி 'புள்ளை வந்துச்சு', 'புள்ளை சாப்பிட்டுச்சு' என்பார்கள். அது அஃறிணை விகுதிதான். ஆனால் அதில் நிறைந்திருப்பது அன்பு. அதே விகுதியைத் தெருவில் ஒரு திருநங்கையைக் காட்டி ஒருவன் சொன்னால் அது கல்லெறி. எழுத்து ஒன்றே, சொல்பவர் வேறு. கதை எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் காதால் கேட்டு எழுதவேண்டும்.

எனவே நாம் கருதும் நெறி இது. கதைமாந்தர் பேசும் உரையாடலில் அவரவர் வாயில் வரும் விகுதி வரட்டும். பாட்டி 'வந்துச்சு' என்னட்டும். தந்தை பிடிவாதமாக 'வந்தான்' என்னட்டும். கடைக்காரர் ஏளனமும் செய்யட்டும். உலகம் அவ்வாறு இருக்கிறதே! ஆனால் கதை சொல்லும் ஆசிரியரின் குரல், மணி எதனை அவாவுகிறாரோ அதன் பக்கமே நிற்கவேண்டும். பெண் என்று உணர்ந்தால் 'வந்தாள்'. ஆண் என்று உணர்ந்தால் 'வந்தான்'. இரண்டும் அன்று என்று உணர்ந்தால் 'வந்தார்'. தந்தையின் விகுதிக்கும் ஆசிரியரின் விகுதிக்கும் இடையே உள்ள தொலைவே அக்கதையின் துன்பம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், மணிக்கு அந்த நூலில் துணை நிற்பார் ஒருவரும் இலர்.

விகுதியில் மட்டும் நேர்மை போதாது. கதையின் முடிவிலும் வேண்டும். மலையாளத்தில் வி. டி. நந்தகுமார் 1974-இல் 'ரண்டு பெண்குட்டிகள்' என்னும் நாவலையும், மாதவிக்குட்டி 1988-இல் 'சந்தனமரங்கள்' என்னும் கதையையும் எழுதிப் பெண்ணைப் பெண் நேசித்தலைப் பேசினர். பத்மராஜன் 1986-இல் எடுத்த 'தேசாடனக்கிளி கரயாறில்லா' என்னும் திரைப்படத்தில் இரு மாணவியர் இறுதியில் உயிர்விடுகின்றனர். அன்று சட்டமும் ஊரும் அப்படி இருந்தன. ஒத்த பாலார் காதலைக் குற்றமாக்கிய விதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் விலக்கிற்று. திருநங்கையர்க்கு நலவாரியம் 2008-இல் தமிழகத்தில் அமைந்தது. மாறிய பாலினத்தார்க்கான கொள்கையை 2015-இல் கேரளம் வெளியிட்டது. இவ்வளவுக்குப் பின்னும் அத்தகைய மாந்தரைக் கடைசிப் பக்கத்தில் சாகவிட்டு நாம் கண்ணீர் வடித்தால் அது இரக்கம் ஆகாது, சோம்பலே ஆகும். மணி தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சட்டும். பொள்ளாச்சிச் சந்தையில் விலை பேசட்டும். வீட்டாரோடு சண்டையிட்டு மறுநாள் அதே வீட்டில் உணவருந்தட்டும். நரைகூடும் வரை வாழட்டும்.

இதனை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழகத்துக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் வீட்டுக்குள் கேட்கும் மொழி. பம்பாயிலோ பெங்களூரிலோ ஒரு பிள்ளை, தான் யார் என்பதைப் பள்ளித் தோழரிடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொல்லிவிடக்கூடும். வீட்டில், தமிழில், தன்னைப் பற்றி அம்மா அத்தையிடம் தொலைபேசியில் பேசும்போது எந்த விகுதி வருகிறது என்று அப்பிள்ளை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும். அந்த ஒரு விகுதி பிழைத்தால், தாய்மொழியே தனக்கு அயல்மொழி என்று எண்ணத் தொடங்கும். அத்தகைய பிள்ளையின் கையில் கொடுக்கத் தமிழில் நல்ல கதைகள் வேண்டும். அவற்றை எழுதத் தக்கவர் உங்களுள்ளும் இருப்பர். எழுதும்போது, முதல் வினைமுற்றை எழுதுமுன் சற்றே நின்று, மணி எதனை விரும்புவார் என்று கேட்டுப் பாருங்கள்.