கரும்பில் ஒரு நன்றி



"சீனர்களின் பெருநாள் மரபைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். ஜெலுத்தோங்கில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறோம். அண்டை வீட்டில் நடப்பதைக் கவனித்தால் நம் வீட்டுக்கும் பாடம் உண்டு.

பினாங்குச் சீனர்களில் ஹொக்கியன் மக்களே அதிகம். அவர்களுக்குச் சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் மிக முக்கியம். அன்று 'தீ கோங்' எனும் விண்ணுலகப் பேரரசரின் பிறந்தநாள். எட்டாம் நாள் நள்ளிரவிலேயே வழிபாடு தொடங்கிவிடும். வெல்ட் கீயில் உள்ள சியூ படகுத்துறையில் நீண்ட மேசைகளில் படையல் நிறைந்திருக்கும். மேசையின் இருபுறமும் தோகையோடு முழுக் கரும்பு கட்டுவார்கள்.

ஏன் கரும்பு? முன்னொரு காலத்தில் எதிரிகளுக்கு அஞ்சி ஓடிய ஹொக்கியன் மக்கள் கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர் தப்பினார்களாம். ஒன்பதாம் நாள்தான் வெளியே வந்தார்களாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஹொக்கியனில் கரும்பு 'கம் ஜியா'. நன்றி 'கம் சியா'. ஒலி ஏறக்குறைய ஒன்றுதான். கரும்பை வைப்பதே நன்றி சொல்வது!

இன்று சீனப்பள்ளிப் பிள்ளைகள் படிப்பது மாண்டரின். பல வீடுகளிலும் அதுவே பேச்சுமொழி ஆகிவிட்டது. மாண்டரினில் 'சியே சியே' என்று நன்றி சொல்லும் பேரனுக்குக் கரும்பு நினைவுக்கு வராது. பாட்டி சொன்னால்தான் தெரியும். அவர் எப்போது சொல்வார்? பூசைக்குமுன் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து தங்கக் காகிதம் மடிக்கும்போது சொல்வார். டிசம்பரில் குளிர்காலப் பெருநாளுக்கு 'தாங் யுவான்' மாவுருண்டை உருட்டும்போது சொல்வார்.

"நேரமில்லை, மடித்த காகிதமே கடையில் கிடைக்கிறதே" என்பார்கள். உண்மைதான். வேலைக்காக சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் இரண்டு நாள் விடுப்பில் வந்து போகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்: எல்லாவற்றையும் விலைக்கு வாங்குங்கள், ஒரு வேலையை மட்டுமாவது வீட்டில் சேர்ந்து செய்யுங்கள். கை வேலை செய்யும்போதுதான் வாய் கதை சொல்லும்.

2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அந்தச் சிறப்பு பழைய கட்டடங்களைக் காக்கும். கரும்பு ஏன் என்ற பதிலைக் குடும்பம்தான் காக்க வேண்டும்.

பொங்கலுக்கு நாமும் கரும்பு வைக்கிறோம். "ஏன் அம்மா?" என்று பிள்ளை கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் இருக்கிறதா? இல்லையென்றால், பாட்டி இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.