கடலும் மனித உரிமையும்

நிலத்திலே ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்தவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். தெருவிலே பார்த்தவர்களும் இருப்பார்கள். நடுக்கடலில் துப்பாக்கியேந்திய படகு ஒன்று கப்பலை மறித்தால், மாலுமிக்கு என்ன காப்பு? நேயர்களே, இதற்கு விடை கூறும் வழக்கொன்று உண்டு.

செயின்ட் வின்சென்ட் நாட்டுக் கொடி தாங்கிய 'சைகா' என்னும் எண்ணெய்க் கப்பல், மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் மீன்பிடிக் கப்பல்களுக்கு எண்ணெய் விற்று வந்தது. இது கள்ளக் கடத்தல் எனக் கருதிய கினி நாட்டுச் சுங்க ரோந்துப் படகு, 1997 அக்டோபர் 28-ஆம் நாள் அதனை மடக்கிப் பிடித்தது. சைகாவோ ஏறக்குறைய முழுச் சுமையோடு நீரில் தாழ்ந்து மிதந்தது. அதன் உச்ச வேகமே மணிக்கு 10 கடல்மைல்தான். சுடாமலே ஏறிப் பிடித்திருக்கலாம். ஆயினும் அதிகாரிகள் சுட்டார்கள். எதிர்ப்பார் எவருமில்லாத தளத்தில் ஏறிய பின்னரும் சுட்டார்கள். எஞ்சினை நிறுத்துவதற்கும் துப்பாக்கியே கருவியாயிற்று! இருவர் படுகாயமுற்றனர்.

வழக்கு, ஹாம்பர்க் நகரிலுள்ள சர்வதேசக் கடற்சட்ட நீதிமன்றத்தின் முன் வந்தது. கப்பலைப் பிடிக்கையில் எவ்வளவு பலம் பிரயோகிக்கலாம் என்பதற்கு 1982-ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கையில் வெளிப்படையான விதி இல்லை. விதி இல்லாவிடினும் வரம்பு உண்டு என 1999 ஜூலை 1-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. முதலில் ஒலியாலோ ஒளியாலோ சைகை. பிறகு கப்பலின் முன்புறக் கடலில் எச்சரிக்கைச் சூடு. இவை பயனற்றுப் போனாலன்றிப் பலப்பிரயோகம் கூடாது. அப்பொழுதும் எச்சரித்து, உயிருக்கு ஆபத்து நேராவண்ணம் முயலவேண்டும். மனிதத் தன்மை கடற்சட்டத்துக்கும் உரியது என்றது நீதிமன்றம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனாதலின் இங்கே ஒரு சொல்: இதனைக் 'கருணை' எனப் பெயர்ப்பது பிழை. கருணை கொடுப்பவர் விருப்பத்தைப் பொறுத்தது. நீதிமன்றம் விதித்ததோ கடமை.

கினி 21,23,357 டாலர் இழப்பீடு தரவேண்டியதாயிற்று. காயத்துக்கும் சிறைக்காவலுக்கும் உரிய தொகையும் அதில் அடக்கம். மாலுமிகள் எந்நாட்டவராயினும், கப்பலின் கொடிக்குரிய நாடு அனைவருக்காகவும் வழக்காடலாம் என்பதும் இத்தீர்ப்பில் உறுதியாயிற்று. அந்நியக் கொடியின்கீழ்ப் பணிபுரியும் நம் நாட்டு மாலுமிகட்கு இது சிறிய செய்தியன்று.

ஆனால் அந்நீதிமன்றத்தில் மாலுமி தாமாகவே இத்தகைய வழக்கைத் தொடுக்க இயலாது. செயின்ட் வின்சென்ட் முன்வந்தது. முன்வராத கொடிகளும் இருக்கலாம். மும்பையிலோ கொல்கத்தாவிலோ கப்பல் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும் இளைஞர், சம்பளத்தைக் கேட்கும்போதே, கொடி எந்நாட்டுடையது என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும்.